மாற்று ஏஜென்டாக வந்த பெரியவருக்கு

2024 ஏப்ரல் 19, மதுரையில் ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடி. முதல் தடவையாக நான் பூத் ஏஜென்ட், அதாவது கட்சி வேட்பாளர் சார்பில் உள்ளே உட்கார்ந்து கவனிப்பவன். வாட்ஸ்அப்பில் கட்சிக்காகச் சண்டை போட்டதைத் தவிர வேறு அனுபவம் கிடையாது.

காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு, இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போடும் சோதனை ஓட்டு. 50 ஓட்டு முடிந்ததும் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். வாசலில் நின்ற நீங்கள், "தம்பி, அந்த ஓட்டையெல்லாம் அழிச்சாச்சான்னு பாத்துட்டுப் போடுங்க" என்றீர்கள். பார்த்தேன், பூஜ்யம் வந்த பிறகே போட்டேன்.

மதியம் என்னைச் சாப்பிட அனுப்பிவிட்டு நீங்கள் உட்கார்ந்தீர்கள். நான் கேட்கவே இல்லை.

மாலையில் களைப்பில் கிளம்பியவனை மடக்கி, "17சி நகல் வாங்கியாச்சா?" என்றீர்கள். நான் விழித்தேன். பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய படிவம் அது, எண்ணும்போது இயந்திரம் காட்டும் மொத்தம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதுதான் நம் கையில் இருக்கும் சாட்சி என்று பொறுமையாகச் சொன்னீர்கள். வாக்குச்சீட்டுக் காலத்திலிருந்தே பூத்தில் உட்காருகிறவராம் நீங்கள்! 'இந்தக் காலத்துப் பையன்கள்' என்று ஒரு வார்த்தை வரவில்லை. (எங்கள் வட்டத்தில் அது அபூர்வம்.)

பெயர் கேட்க மறந்துவிட்டேன் ஐயா. பருத்திப்பாலுக்கும் நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள். ரொம்ப நன்றி. அடுத்த தேர்தலில் எந்த பூத் என்று சொல்லியனுப்புங்கள், மதியம் உங்களை மாற்றிவிட நான் வருகிறேன்.