கடைசி எபிசோடு சப்புன்னு முடியல, சரியாத்தான் முடிஞ்சுது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல பிபிசியோட ‘லைன் ஆஃப் டியூட்டி’ தொடர் பத்தின கட்டுரை படிச்சேன். நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா கடைசி எபிசோடு சப்புன்னு முடிஞ்சிடுச்சுன்னு ஒரே வரியில ஒதுக்கிட்டதை என்னால ஏத்துக்க முடியல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

போலீஸ்காரங்க மேல வர்ற ஊழல் புகாரை விசாரிக்கிற ஏசி-12ங்கிற பிரிவுதான் கதை, 2012ல ஆரம்பிச்சு 2021 வரைக்கும் 6 சீசன். முதல் சீசன்ல அந்த விசாரணை எதுல ஆரம்பிக்குதுன்னு பாருங்க, டோனி கேட்ஸ்னு ஊரே மெச்சுற ஒரு ஆபீசர், வருஷத்தோட சிறந்த போலீஸ் அதிகாரின்னு விருதெல்லாம் வாங்கினவர், அவர் ஒரு ஹோட்டல்ல காசு குடுக்காம டிபன் சாப்ட்டாருங்கிறதுதான் புகார். ஓசி டிபனுக்கெல்லாம் ஒரு என்கொயரியான்னு நமக்கே தோணும், ஆனா அந்த நூலைப் பிடிச்சு இழுக்க இழுக்க, ஒரே கேஸ்ல தேவையில்லாத சட்டப் பிரிவையெல்லாம் சேர்த்துப் போட்டு கண்டுபிடிச்ச கேஸ் எண்ணிக்கையை ஏத்திக் காட்டுறது வெளிய வருது, ஒரு கார் விபத்து மரணத்தை மறைச்சது வெளிய வருது. நான் பல வருஷம் ஆபீஸ்ல ரிஜிஸ்டரும் ஸ்டேட்மென்ட்டுமா உக்காந்தவன், தப்பு எப்பவும் இப்படி சின்ன என்ட்ரியிலதான் மாட்டும், அதை இவ்வளவு சரியா காட்டின போலீஸ் கதையை நான் பார்த்ததில்ல.

சண்டைக் காட்சியை விட விசாரணை ரூம் சீனுங்கதான் இதுல உயிர். கண்ணாடிச் சுவர் போட்ட ரூம், ரெக்கார்டரை ஆன் பண்ணினதும் காதைத் துளைக்கிற மாதிரி ஒரு நீளமான பீப், அது முடியற வரைக்கும் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. குற்றம் சாட்டப்பட்டவர் என்னை விட ஒரு ரேங்காவது மேல இருக்கிறவர்தான் என்னைக் கேள்வி கேட்கணும்னு சட்டம் பேசுவார், ஒவ்வொரு போட்டோவும் ஆவண நம்பரோட வரும், அரை மணி நேரத்துக்குக் கிட்ட ஒரே ரூம்ல ஓடுற சீன்கூட உண்டு, நாம அசைய மாட்டோம்.

இப்ப அந்தக் கடைசி எபிசோடுக்கு வர்றேன். போலீஸுக்குள்ளயே இருந்துக்கிட்டு குற்றக் கும்பலுக்கு உதவுற ‘எச்’ங்கிற பெரிய தலை யாருன்னு சீசன் சீசனா தேடினாங்க, 2021 மே 2 அன்னிக்கு ராத்திரி பிரிட்டன்ல 1 கோடியே 28 லட்சம் பேர் டிவி முன்னாடி உக்காந்திருந்தாங்க, வந்தது யாருன்னா இயன் பக்கெல்ஸ், வேலையே சரியா தெரியாம எப்படியோ புரமோஷன் வாங்கிட்டே போன ஆளு, ஒரு வார்த்தையை எப்பவும் எழுத்துப்பிழையோட டைப் பண்றதுதான் அவரைக் காட்டிக் குடுக்குது. இவனா வில்லன்னு நிறைய பேருக்குக் கோபம். எனக்கு அங்கதான் வயிறு கலங்குச்சு, ஏன்னா இத்தனை வருஷம் அந்த ஆளை யாரும் ஒரு பொருட்டாவே பார்க்கல, மேல இருக்கிறவங்களுக்கோ டிபார்ட்மென்ட் பேரு கெடாம இருந்தா போதும்னு இருந்துச்சு.

இது கற்பனை மட்டும் இல்லீங்க. அந்த எபிசோடு வந்து ஒன்றரை மாசம்கூட ஆகல, ஜூன் 15ஆம் தேதி டேனியல் மோர்கன் கொலை பத்தின விசாரணைக் குழு அறிக்கை வந்துச்சு. தனியார் டிடெக்டிவ் அவர், 1987ல லண்டன்ல ஒரு பப்போட கார் பார்க்கிங்ல கோடாலியால வெட்டிக் கொன்னாங்க, இதுவரைக்கும் அந்தக் கொலைக்காக ஒருத்தருக்கும் தண்டனை கிடையாது. 2013ல அமைச்ச குழு 8 வருஷம் கழிச்சு சொன்னது என்னன்னா, லண்டன் போலீஸ் தன் பேரைக் காப்பாத்திக்க தப்பை மறைச்சுது, அது அமைப்பு ரீதியான ஊழல்னு. பக்கெல்ஸ் கதையும் இதுவும் வேற வேறன்னு எனக்குத் தோணல.

முதல் எபிசோடையே எடுத்துக்கோங்க, கதவு நம்பர் குழப்பத்துல தப்பான வீட்டுக்குள்ள புகுந்து ஒரு அப்பாவி அப்பாவை போலீஸ் சுட்டுடும், எல்லாரும் ஒரே மாதிரி ஸ்டேட்மென்ட் குடுக்கலாம்னு மேலதிகாரி சொல்றப்ப அந்த டீம்ல இருந்த ஸ்டீவ் ஆர்னாட்ங்கிற ஆபீசர் மாட்டேன்னுடுவார், அதனாலதான் அவர் ஏசி-12க்கே வர்றார். 2005 ஜூலையில லண்டன் ஸ்டாக்வெல் ஸ்டேஷன்ல பிரேசில்காரர் ஜீன் சார்ல்ஸ் டி மெனெசெஸை தீவிரவாதின்னு நினைச்சு சுட்டுக் கொன்னாங்களே, அது ஞாபகம் வராம இந்த சீனைப் பார்க்க முடியாது. அந்தக் கேஸ்ல எந்த ஆபீசர் மேலயும் வழக்கு போடல, 2007ல போலீஸ் துறை மேலதான் தீர்ப்பு, அதுவும் பணியிடப் பாதுகாப்பு சட்டத்துல, 1,75,000 பவுண்டு அபராதம். ஒரு உயிர் போனதுக்கு!

அதனால கட்டுரை எழுதினவர் கடைசி எபிசோடை இன்னொரு தடவை பார்க்கணும்னு கேட்டுக்கறேன், முடிஞ்சா அந்த மோர்கன் அறிக்கை பத்தியும் இதே இணைப்புல ஒரு முழுப் பக்கம் போடுங்க, நம்ம வாசகர்கள்ல நிறைய பேருக்கு அந்தப் பேரே தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர், தஞ்சாவூர்