செம்பனை லாரி அண்ணனுக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட் தோட்டச் சாலையில் எங்களுக்காக லாரியை நிறுத்திய அண்ணே, நன்றி. இலங்கையில் நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் ஊழியம் செய்யும் போதகர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கிளம்பியிருந்தோம், வழியிலேயே வேன் நின்றுவிட்டது, மழை வேறு.

நாங்கள் கேட்கவே இல்லை. நீங்களே இறங்கிவந்து, லாரித் தார்ப்பாயை அவிழ்த்து எங்கள் பாடக்குறிப்புப் பெட்டிகளை மூடி, நாலு மூலையிலும் கயிற்றை இழுத்துக் கட்டினீர்கள். அப்புறம் மச்சானுக்குப் போன் போட்டு அவர் வேனை வரவழைத்து, அது வரும்வரை கூடவே நின்றீர்கள். எண்ணெய் எடுக்க வெட்டின செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகணும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குத் தெரியாதா! காசு நீட்டினால், “சாமி காரியத்துக்குப் போறீங்க, வைங்க ஐயா” என்றீர்கள், நெற்றியில் திருநீறோடு.

வேதாகமத்தின் இரண்டாம் தீமோத்தேயு பாடத்தில் ஒரு தாள்கூட நனையவில்லை. அங்கே போதகர்களோடு சேர்ந்து உங்களுக்காகவும் ஜெபித்தோம். இது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அண்ணே, வீட்டுக்கே வருகிறோம்.