சீட் கிடைச்ச போட்டோ போட்டாச்சு, அதுக்கப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள்ல இருந்து கவுன்சிலிங் முடியிற வரைக்கும் உங்க பேப்பர்ல ஒரு வகை செய்தி வருஷா வருஷம் தவறாம வரும். செங்கல் சூளைத் தொழிலாளி மகன் டாக்டர் ஆகுறான், ஆடு மேய்க்கிறவர் பொண்ணுக்கு அண்ணா யுனிவர்சிட்டில சீட், அப்படி. போட்டோல அப்பா தோள்ல துண்டு, அம்மா ஸ்வீட் ஊட்டுவாங்க, பக்கத்துல சால்வையோட ஹெச்.எம். நிப்பார். படிக்க சந்தோஷமாத்தான் இருக்கு, குறை சொல்லல. ஆனா செய்தி அதோட முடிஞ்சிடுது. அந்தப் பையன் மூணாவது வருஷம் என்ன ஆனான், படிச்சு முடிச்சு எங்க போனான், அவனுக்குப் பின்னாடி அந்த ஊர்ல இருந்து இன்னொருத்தன் போனானா, எதுவும் நமக்குத் தெரியறதில்ல. ஆனா கடைசி வரி மட்டும் மாறவே மாறாது, "படித்து முடித்து ஏழைகளுக்குச் சேவை செய்வேன் என்றார்". அந்தக் கடைசி வரியைப் பத்திதான் சார் இந்த லெட்டர்.

நான் அரூர் பக்கம். எங்க வீட்ல அப்பா அம்மா ரெண்டு பேரும் வருஷத்துல பாதி சூளைக்குப் போயிடுவாங்க, நான் கவர்மென்ட் ஹாஸ்டல்ல தங்கி கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவன், முதல் பட்டதாரி சலுகைல (வீட்ல முதல்ல டிகிரி படிக்கிறவங்களுக்கான பீஸ் சலுகை) இன்ஜினியரிங் முடிச்சேன். இந்தச் சலுகை 2010ல கலைஞர் ஆட்சில வந்துச்சு, அது இல்லன்னா நானும் இந்நேரம் சூளைலதான் கல்லு அறுத்துட்டு இருப்பேன். இப்ப சேலத்துல ஒரு பேங்க்ல வேலை, லீவு நாள்ல ஊருக்கு வந்துடுவேன். என் கதை இவ்வளவுதான், இதை விட கஷ்டப்பட்டு வந்தவங்க எங்க ஏரியாலயே நிறைய பேர் இருக்காங்க.

இப்ப ஏன் எழுதுறேன்னா, கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுல 2020ல மெடிக்கல் சேர்ந்த முதல் பேட்ச் பசங்க ஹவுஸ் சர்ஜன் முடிச்சு வெளிய வர்ற காலம் இது. அந்த ஒதுக்கீடு வந்த கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நீட் வந்தப்புறம் கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்து மெடிக்கல் போனவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்னு ஆகிப்போச்சு, நீதிபதி கலையரசன் தலைமைல ஒரு குழு போட்டு அவங்க 10 சதவீதம் குடுங்கன்னு சொன்னாங்க, அரசு 7.5னு முடிவு பண்ணி சட்டசபைல நிறைவேத்துச்சு, கவர்னர் கையெழுத்துக்கு வாரக்கணக்குல காத்துக்கிட்டு கடைசில அக்டோபர் 29 அரசாணையே போட்டுட்டாங்க, மறுநாள் கவர்னரும் ஒப்புதல் குடுத்தார். அந்த வருஷமே நானூறு சீட்டுக்கு மேல கிடைச்சது. ஆனா இதுல பலர் மறந்துபோன ஒரு விஷயம் இருக்கு. முதல் கவுன்சிலிங்ல தனியார் காலேஜ் சீட் வந்த சில பசங்க, பீஸ் கட்ட வழியில்லன்னு வேணாம்னுட்டு அழுதுகிட்டே வெளிய வந்தாங்க. அதுக்கு அப்புறம்தான் பீஸை அரசே கட்டும்னு அறிவிப்பு வந்துச்சு. நாலு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா அந்தப் பசங்க சீட்டை விட்டிருக்க மாட்டாங்க, கோர்ட் கேஸுனு அலையவும் வேண்டி வந்திருக்காது.

நான் சொல்ல வர்ற சேவையே இதுதான் சார், சரியான நேரத்துல சரியான தகவலோட ஒரு ஆள் பக்கத்துல நிக்கிறது.

படிச்சு வேலைக்குப் போனவங்க ஊருக்கு ஏதாவது செய்யணும்னு நினைச்சா முதல்ல மனசுல வர்றது நோட்டுப் புத்தகம் குடுக்குறது. ஒரு பேனர், மைக் செட், சிறப்பு விருந்தினர், வெயில்ல உக்காந்திருக்கிற பசங்க. நோட்டு வேணாம்னு சொல்லல, ஆனா நோட்டு, புக்கு, செருப்பு, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் கவர்மென்ட்டே குடுக்குது. கவர்மென்ட் குடுக்காத, குடுக்கவும் முடியாத ஒண்ணு இருக்கு, மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கூட உக்காந்து அந்த அப்ளிகேஷனை முடிக்கிற அண்ணனோ அக்காவோ. டிகிரி முடிச்ச ஆள் இருக்கிற வீட்ல அதை யாரும் சேவைனு கூட நினைக்க மாட்டாங்க, சாப்பிட்டுக்கிட்டே செஞ்சு குடுத்துட்டுப் போயிடுவாங்க.

போன வருஷம் எங்க பக்கத்துத் தெரு பொண்ணு, கட் ஆஃப் நல்லாவே இருந்துச்சு, அவங்க அம்மா நூறு நாள் வேலை முடிச்சு மண்ணு கையோட நேரா என்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. கண்ணாடி உடைஞ்ச போன். ரெஜிஸ்டர் பண்ணது ஏதோ பிரௌசிங் சென்டர்ல, ஈமெயில் ஐடி அந்தக் கடைப் பையன் போட்டது, பாஸ்வேர்ட் அவனுக்கே ஞாபகம் இல்ல. ஓ.டி.பி. திருப்பூர்ல இருக்கிற மாமா நம்பருக்குப் போகுது, மாமா ஷிப்ட்ல இருந்தா போன் எடுக்க மாட்டார், எடுத்து நம்பர் சொல்றதுக்குள்ள டைம் அவுட். சரி ஒரு வழியா உள்ள போனா, சாய்ஸ் பில்லிங்ல அந்தப் பொண்ணு வச்சிருந்தது மொத்தமே அஞ்சாறு காலேஜ், அதுவும் பஸ்ல போறப்ப போர்டுல பாத்த பேருங்க. எவ்வளவு வேணா போடலாம், போட்ட வரிசையிலதான் கிடைக்கும், மேல நல்லதை வச்சு கீழ சேஃப்டிக்கு நிறைய வைக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லல. சொல்ல ஆள் இல்ல, அவ்வளவுதான்.

அலாட்மென்ட் வந்தப்புறமும் வேலை முடியல. சீட் வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, அதைக் கன்பார்ம் பண்ணணும்ங்கிறது தெரியாம ரெண்டு நாள் விட்டுட்டு சீட்டையே விட்டவங்க இருக்காங்க. அக்செப்ட் அண்ட் ஜாயின், அக்செப்ட் அண்ட் அப்வர்ட், டிக்ளைன் அண்ட் அப்வர்ட்னு ஸ்க்ரீன்ல வரிசையா வருது, எதை அமுக்கினா கைல இருக்கிறது போகும் எதை அமுக்கினா போகாதுன்னு பதினேழு வயசுப் பிள்ளை தனியா உக்காந்து முடிவு பண்ணணும். இன்ஜினியரிங் முடிச்ச நானே ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் அமுக்குறேன்.

சர்டிபிகேட் இன்னொரு கதை. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவைல போட்டா வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ்னு போயிட்டு வரணும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க யாரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாது. எங்க ஊர்ல பாதிப்பேருக்கு ஆதார்ல ஒரு இனிஷியல், மார்க் ஷீட்ல ஒரு இனிஷியல், ரேஷன் கார்டுல அப்பா பேரே வேற மாதிரி இருக்கும். இதையெல்லாம் ரிசல்ட் வந்தப்புறம் ஓடி ஓடி சரி பண்ண முடியாது, ப்ளஸ் ஒன் படிக்கும்போதே பாத்து வைக்கணும். அப்புறம் 7.5ல வரணும்னா ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சிருக்கணும், எய்டட் ஸ்கூல் சேராது. கைல கொஞ்சம் காசு வந்த ஒரு வருஷம் ஆசைப்பட்டு ஆறாவதை தனியார் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல சேத்துட்டு மறுவருஷம் முடியாம திரும்ப கவர்மென்ட் ஸ்கூலுக்கே வந்த பையனுக்கு அந்த ஒரு வருஷத்தால எல்லாம் போச்சு. அவங்கப்பாகிட்ட இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்துச்சு, அவர் எதுவும் பேசல, டீ வாங்கிக் குடுத்துட்டு போயிட்டார்.

2021ல இந்த 7.5ஐ இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம்னு நீட்டிச்சு டியூஷன் பீஸ், ஹாஸ்டல் பீஸ் எல்லாம் அரசே கட்டும்னு சொன்னாங்க, ரொம்ப பெரிய விஷயம், இதுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனா அந்த உத்தரவு பேப்பர்ல இருக்கிற மாதிரி காலேஜ் ஆபீஸ் கவுன்டர்ல இருக்கிறதில்ல. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தனை ஒரு காலேஜ்ல பிளேஸ்மென்ட் ட்ரெயினிங் பீஸ், அந்த பீஸ் இந்த பீஸ்னு காசு கேட்டு ஹால் டிக்கெட் குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அவங்கம்மா வட்டிக்கு வாங்கிக் கட்டத் தயாராயிட்டாங்க. நான் கூடப் போய், சார் இதை எந்த ஆர்டர் படி கேக்குறீங்க, எழுத்துல குடுங்கன்னு மரியாதையாத்தான் கேட்டேன், கேட்டதுக்கே விட்டுட்டாங்க. எழுத்துல குடுங்கன்னு கேக்கத் தெரியணும் பாருங்க, அதுக்குத்தான் எங்கள மாதிரி ஆளுங்க படிச்சது.

இப்ப டாக்டர் பசங்க விஷயத்துக்கு வர்றேன். இவங்க எல்லாரும் கிராமத்துக்கு வந்துடணும்னு நான் சொல்ல மாட்டேன். பணக்கார வீட்டுப் பையன் காசு கட்டிப் படிச்சுட்டு எங்க வேணா போகலாம், நம்ம வீட்டுப் பையன் மட்டும் தியாகி ஆகணுமா? வீட்ல கடன் இருக்கும், தங்கச்சி கல்யாணம் இருக்கும், மேல எம்.டி. படிக்க ஆசை இருக்கும். சேவை மனப்பான்மைங்கிற ஒத்த வார்த்தைல இதையெல்லாம் மூடி மறைக்கக் கூடாது. நம்ம மாநிலத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் இருந்ததுக்கு மனசு மட்டும் காரணம் இல்ல சார், கவர்மென்ட் சர்வீஸ்ல இருக்கிற டாக்டருக்கு மேற்படிப்புல 50 சதவீதம் இடம்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு, கிராமத்துல வேலை பாத்தா எம்.டி. சீட்டுக்கு வழி கிடைக்கும்னு நம்பி போனாங்க. நடுவுல அது நின்னுபோய், டாக்டருங்க போராடி, 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் மாநிலங்கள் அப்படி இடம் குடுக்கலாம்னு தீர்ப்பு சொல்லுச்சு. அந்த மாதிரி ஏற்பாடு இருந்தா பசங்க தானா வருவாங்க, கூப்பிட்டு புத்திமதி சொல்ல வேண்டியதில்ல.

எந்த ஏற்பாடும் இல்லாம வந்தவங்களும் உண்டு, அது வேற ரகம். எங்க அரூர்ல இருந்து மலைப்பக்கம் போனா சித்தேரி, சிட்லிங்கினு வரும். சிட்லிங்கில ரெஜி டாக்டரும் லலிதா டாக்டரும் 1993ல வந்து ஒரு குடிசைல வைத்தியம் ஆரம்பிச்சாங்க, அப்ப அந்தப் பள்ளத்தாக்குல பிரசவம்னாலே பயம்தான். அவங்க வெளியூர்ல இருந்து நர்ஸ் கொண்டு வரல, அங்க இருந்த மலையாளிப் பழங்குடி (கேரளாக்காரங்க இல்ல, மலைவாழ் மக்கள்) பொண்ணுங்களுக்கே சொல்லிக் குடுத்து அவங்களையே நர்ஸா, ஹெல்த் வொர்க்கரா ஆக்குனாங்க, இன்னிக்கு அந்த ஆஸ்பத்திரியைத் தாங்குறதே அந்தப் பொண்ணுங்கதான். டாக்டர்கள் ரெண்டு பேருக்கும் கும்பிடு போட்டுடலாம், ஆனா எனக்கு அந்தப் பொண்ணுங்கதான் பெருசாத் தெரியறாங்க, ஏன்னா அவங்களுக்கு அது சொந்த ஊரு, கஷ்டமும் அவங்களோடதேதான்.

அதே மாதிரி இன்னொரு கூட்டத்தை நாம கண்டுக்கவே இல்ல. கொரோனா முடிஞ்சு 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சாங்க, சொல்லிக் குடுக்கிறவங்களுக்கு மாசம் 1000 ரூபாதான், சாயங்காலம் அஞ்சு மணில இருந்து ஏழு மணி வரைக்கும் திண்ணைல, கோயில் வாசல்ல, வீட்டு ஹால்லனு உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. போனவங்க பெரும்பாலும் யாரு? பி.ஏ., பி.எஸ்சி., பி.எட். முடிச்சுட்டு கல்யாணம் ஆகி, வேலைக்குப் போக முடியாம வீட்டோட இருந்த பொண்ணுங்க. டிகிரி சர்டிபிகேட்டை பீரோல வச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தவங்க திடீர்னு தெருவுக்கே டீச்சர் ஆனாங்க. எங்க தெருல இருந்த அக்கா இன்னிக்கும் காசு வந்தாலும் வராட்டியும் நாலு பசங்களை உக்கார வச்சு வாய்ப்பாடு சொல்ல வைக்குது. அந்த அக்கா போட்டோ எந்தப் பேப்பர்லயும் வந்ததில்ல.

காலேஜ் போற பசங்க கைலயும் இப்ப கொஞ்சம் அரசு காசு வருது, பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல 2022 செப்டம்பர்ல இருந்து, பையனுங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்துல 2024 ஆகஸ்ட்ல இருந்து, மாசம் 1000. கேலி பண்றவங்க பண்ணட்டும், பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் வீட்ல கையேந்தாம இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு ஹாஸ்டல்ல இருந்தவனுக்குத்தான் தெரியும். இந்தக் காசு வாங்கிப் படிக்கிற பசங்க ஒவ்வொருத்தரும் லீவுக்கு வரும்போது தன் ஸ்கூல்ல ப்ளஸ் டூ முடிச்ச நாலு பேருக்கு இந்த அப்ளிகேஷன் வேலையைப் பாத்துக் குடுத்தா போதும், அதுக்கு டிகிரி கூட முடிச்சிருக்க வேணாம், செகண்ட் இயர் போதும்.

உங்ககிட்ட கேக்குறது ரெண்டே விஷயம். ஒண்ணு, ஏப்ரல் கடைசி வாரத்துல அரைப் பக்கம் ஒதுக்கி என்னென்ன சர்டிபிகேட், எங்க வாங்கணும், யாருக்கு எந்த ஒதுக்கீடு, அலாட்மென்ட் வந்தா என்ன பண்ணணும்னு பெரிய எழுத்துல போடுங்க, டீக்கடைல ஒட்டி வைக்கிற மாதிரி. துணைக் கவுன்சிலிங் தேதியை வரன் விளம்பரத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல போடாம முதல் பக்கத்துல போடுங்க, பெயில் ஆகி துணைத் தேர்வு எழுதி பாஸ் ஆன பசங்களுக்கு அது ஒண்ணுதான் வழி. இன்னொண்ணு, 2020ல நீங்க போட்டோ போட்ட அந்தப் பசங்க வீட்டுக்கு உங்க நிருபரை இன்னொரு தடவை அனுப்புங்க. எத்தனை பேர் முடிச்சாங்க, தமிழ் மீடியத்துல இருந்து போய் அந்த முதல் வருஷ அனாடமியை எப்படித் தாண்டினாங்க, யாராவது நடுவுல நின்னுட்டாங்களா, நின்னிருந்தா ஏன்னு கேட்டு எழுதுங்க. சேவை செய்வியான்னு மட்டும் தயவுசெஞ்சு கேக்க வேணாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
அரூர் வட்டம், தர்மபுரி மாவட்டம்.