பிரஸ்ஸல்ஸில் எங்கள் பக்கமும் பேச ஆள் வேண்டும்

ஐரோப்பிய ஒன்றிய நொத்தாரிசுகள் பேரவையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பிரான்சில் ஒரு வீடு கைமாறுவதற்குள் அதன் கோப்பு மாதக்கணக்கில் கிடப்பது, சொத்துப் பத்திரங்களுக்குச் சட்டச் சான்று தரும் நொத்தாரிசு அலுவலகங்களின் பணியாளர்களான எங்கள் மேசையில்தான். வீட்டை வேறு யாருக்கும் முன் தானே வாங்கிக்கொள்ளும் முன்வாங்கும் உரிமையைப் பயன்படுத்தப் போகிறீர்களா என்று நகரசபைக்கு எழுதிவிட்டு இரண்டு மாதம் வரை காத்திருப்பது, பழைய அடமானம் தீர்ந்ததா என்று பார்ப்பது, அடுக்குமாடி நிர்வாகியை விரட்டிப் பாக்கிக் கணக்கு வாங்குவது, கடைசியில் பத்திரத்தை வரி வரியாக எழுதுவது எல்லாம் நாங்கள். வாசித்துக் காட்டி முத்திரை இடுபவர் நொத்தாரிசு. பொறுப்பு அவருடையது, அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை.

மனத்தாங்கல் வேறு இடத்தில். பணச்சலவைத் (கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது) தடுப்புக்கான புதிய ஐரோப்பிய ஒழுங்குவிதி 2024இல் நிறைவேறியது. 2027 ஜூலை 10 முதல் நடைமுறைக்கு வருகிறது. வீடு வாங்கும் கம்பெனியின் உண்மையான சொந்தக்காரர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக் கேட்கப்போவது பெரும்பாலும் நாங்கள். அதோடு விடவில்லை. இந்த வேலையைச் செய்கிறவரின் அறிவு, திறமை, நேர்மை எல்லாவற்றையும் அலுவலகம் மதிப்பிட வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. சரி, மதிப்பிடுங்கள். எதை வைத்து? தவறான முடிவு என்று பட்டால் யாரிடம் முறையிடுவது? பயிற்சி வேலை நேரத்திலா, அதற்கு அப்புறமா?

இதையெல்லாம் பேச ஐரோப்பாவில் வழி இருக்கிறது. 1998 முதல் ஐரோப்பிய ஆணையம் துறைவாரியாகச் சமூக உரையாடல் குழுக்களை அமைத்து, முதலாளி தரப்பையும் தொழிலாளர் தரப்பையும் எதிரெதிரே உட்கார வைக்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட துறைகளுக்கு அப்படிக் குழு உண்டு. முடிதிருத்துவோருக்கு உண்டு, தொழில்முறைக் கால்பந்துக்கும் உண்டு. நொத்தாரிசு அலுவலகங்களுக்கு இல்லை.

‘நாங்கள் தொழிற்சபைகளின் கூட்டமைப்பு, முதலாளிகள் சங்கம் அல்ல’ என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்கள் 22 உறுப்பினர்களில் ஒன்றான பிரெஞ்சு நொத்தாரிசு உயர்சபை, 2001 ஜூன் 8 அன்று எங்கள் தொழிற்சங்கங்களோடு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பாரிசில் முடிந்தது பிரஸ்ஸல்ஸில் ஏன் முடியாது?

ஓய்வூதியம் உங்கள் கையில் இல்லை, தெரியும். பிரான்சில் எங்களுக்கென்று 1937 முதல் தனி நிதியம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு அதில் ஓய்வூதியம் இல்லை. அடுத்தடுத்த மேசை, ஒரே வேலை, இரண்டு விதமான ஓய்வூதியம். அதை நாங்கள் பாரிசோடு பார்த்துக்கொள்கிறோம். ஜெர்மனியில் மூன்று வருடம் தொழிற்பயிற்சி முடித்து வருகிற சகாக்களுக்குக் கவலைகள் வேறாக இருக்கும். 2027 விதி மட்டும் எல்லோருக்கும் பொது.

ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம். பயிற்சி நேரம், மதிப்பீட்டு முறை, மேல்முறையீடு, இந்த மூன்றை மட்டும் வைத்து ஒரு கூட்டம் கூட்டுங்கள். அழைப்பை ஒவ்வொரு நாட்டுத் தொழிற்சங்கத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். எங்கள் பக்கம் யார் வருவது என்பதை நாங்கள் தீர்மானித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நொத்தாரிசு அலுவலகப் பணியாளர்