நிற்க வைத்துப் பாருங்கள், மறுநாளும் கேளுங்கள்: சேலம் மாவட்ட மருத்துவ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

2021 மே மாதம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட்டது இந்த மாவட்டம். கொரோனா வந்துபோன பின்னும் உடம்பு தேறாமல் இருப்பவர்களுக்கு, அதாவது நீடித்த கொரோனா நோயாளிகளுக்கு, நாங்கள் கேட்பது அவ்வளவு பெரியதல்ல. வாரத்தில் ஒரு நாள், ஓர் அறை, எல்லா மருத்துவரும் பின்பற்றும் ஒரே பரிசோதனை முறை. இவை போதும்.

அசதி, படபடப்பு, எழுந்தால் கிறுகிறுப்பு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, சொல்ல வந்தது மறந்துபோவது. இவற்றோடு வருபவர்களில் பலர் வீட்டிலேயே லேசான காய்ச்சலோடு தேறியவர்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையைப் பார்க்காதவர்கள். நெஞ்சு நோய்ப் பிரிவு, இதயப் பிரிவு, நரம்புப் பிரிவு என்று மாறி மாறி அலைகிறார்கள். ஈ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் நார்மல் என்று வருகிறது. கடைசியில் பல இடங்களில் ஒரு சத்து ஊசியும் ‘மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க’ என்ற அறிவுரையும்தான் கிடைக்கின்றன. அந்தச் சோதனைகளில் தவறு இல்லை. அவை பெரும்பாலும் படுத்திருக்கும்போதோ உட்கார்ந்திருக்கும்போதோ எடுக்கப்படுபவை. இந்த நோயோ பலரிடம் நிற்கும்போதும், வேலை செய்த மறுநாளும்தான் தலைகாட்டுகிறது.

ஆகவே முதல் கோரிக்கை, நிற்க வைத்துப் பார்க்கும் சோதனை. நோயாளி 5 முதல் 10 நிமிடம் பேசாமல் படுத்திருக்கட்டும். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுவரிலிருந்து குதிகால் அரை அடி தள்ளி இருக்கும்படி, தோள்பட்டை மட்டும் சுவரில் சாய நிற்க வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை என 10 நிமிடம் இரண்டையும் எழுதுங்கள். அழுத்தம் குறையாமலே படுத்திருந்தபோது இருந்த அளவைவிட நிமிடத்துக்குப் பெரியவர்களுக்குத் துடிப்பு 30-க்கும், 12 முதல் 19 வயதுள்ளவர்களுக்கு 40-க்கும் குறையாமல் ஏறி நின்றால் அதை மனப்பதற்றம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தானாகவே சீராக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் கோளாறு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் 3 நிமிடத்திலேயே மேல் அழுத்தம் 20-ஓ கீழ் அழுத்தம் 10-ஓ இறங்கினால் அது வேறு கோளாறு. அதற்கான வைத்தியமும் வேறு.

இந்த எளிய சோதனை கெட்டுப்போகும் வழிகளைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாம் நிமிடத்தில் நிறுத்திவிட்டால் சிலரிடம் ஒன்றும் தெரியாமல் போகலாம். கால் மாற்றி மாற்றி நின்றாலும், கெண்டைக்காலை இறுக்கினாலும் துடிப்பு ஏறாமல் மறைந்துவிடும். பட்டை கட்டிய கையைத் தொங்கவிட்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், இறக்கம் தெரியாது. கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று முதலிலேயே கேளுங்கள். ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மயக்கம் வரும்போல் இருந்தால் அந்த நிமிடமே படுக்க வைத்துவிடுங்கள்.

மூச்சு வாங்குகிறது என்பவர்களுக்கு, கையை ஊன்றாமல் நாற்காலியில் ஒரு நிமிடம் திரும்பத் திரும்ப உட்கார்ந்து எழச் சொல்லி, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விரலில் காட்டும் ஆக்சிமீட்டரில் பாருங்கள். 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் நுரையீரலை விரிவாகச் சோதிக்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே நல்ல உடம்புக்கும் அளவு ஒன்றிரண்டு புள்ளி குறைவாகக் காட்டலாம். அதனால் ஒற்றை எண்ணைப் பார்க்காமல், உட்கார்ந்திருந்த அளவிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். மலைக் குளிரில் விறைத்த விரல் தப்பாகக் காட்டலாம். விரலைத் தேய்த்துச் சூடேற்றிவிட்டு எடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: “வேலை செஞ்சா அன்னைக்கே முடியலையா, இல்லை மறுநாள், அதுக்கு மறுநாள் படுத்துடுறீங்களா?” உழைத்த பின் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் எல்லாத் தொல்லையும் கூடி, நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில் நீடித்தால் அவரை உட்கார்ந்து எழவும் சொல்லக் கூடாது, ‘தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடையைக் கூட்டுங்க’ என்றும் சொல்லக் கூடாது. இதே குணமுள்ள பழைய நோயான நாட்பட்ட களைப்பு நோய்க்கு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-லேயே சொல்லிவிட்டது. எங்களை மிகவும் வருத்துவது இதுதான். நல்லது என்று நினைத்துக் கொடுக்கும் அறிவுரையே சிலரைப் படுக்கையில் தள்ளுகிறது.

அவர்களுக்குத் தேவை அளவறிந்த ஓய்வு. களைப்பு வந்த பிறகு அல்ல, வரும் முன்பே. கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து பற்றவைப்பவருக்கு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். தறியில் இருப்பவருக்கும் அப்படியே. காப்பித் தோட்டத்தில் சரிவில் மூட்டை தூக்குவதை முதலில் நிறுத்த வேண்டும். பழம் தரம் பிரிக்கும் உட்கார்ந்த வேலையைக் கேட்டு வாங்கலாம். இதை முதலாளி ஏற்க, நோயின் பெயர் எழுதிய சீட்டு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் நீடித்த கொரோனாவுக்கு வரையறை தந்தது: தொற்றிலிருந்து 3 மாதம் ஆகும்போது, குறைந்தது 2 மாதம் நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத தொல்லைகள். நோய்க் குறியீடு யு09.9 (U09.9). ஓ.பி. சீட்டில் அதை எழுதுங்கள். கொரோனா வந்த அன்றைய பரிசோதனைத் தாள் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். அந்த வரையறை ‘தொற்று இருந்திருக்கலாம்’ என்பதையும் ஏற்கிறது.

நிற்கும்போது துடிப்பு ஏறுபவர்களுக்குச் செலவில்லாத வழிகளே முதலில்: நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் நீர், காலையில் எழும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சி, மோர், இறுக்கமான நீளக் காலுறை. ரத்தக் கொதிப்போ சிறுநீரக, இதய நோயோ உள்ளவர்களுக்கு உப்பைக் கூட்டக் கூடாது. இதிலும் அடங்காவிட்டால் துடிப்பைக் குறைக்கும் புரோபிரனோலால், இவாபிரடின் போன்ற மாத்திரைகள், மருத்துவர் பார்வையில் மட்டும். நீடித்த கொரோனாவுக்கென்றே நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. அப்படிச் சொல்லி விற்கப்படும் ஊசிகளை நம்பிக் கடன் வாங்காதீர்கள் என்று சொல்வதும் சிகிச்சைதான்.

எல்லாவற்றையும் கொரோனாவின் தலையில் கட்டிவிடவும் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12, காசநோய் ஆகியவற்றைப் பார்த்தே தீர வேண்டும். கொரோனா சிகிச்சையில் ஸ்டீராய்டு வாங்கியவருக்குக் கவட்டையிலோ இடுப்பிலோ வலி இருந்தால் தொடை எலும்பின் தலைப்பகுதி ரத்த ஓட்டமின்றிச் சிதைகிறதா என்று எம்.ஆர்.ஐ. வேண்டும், தொடக்கத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கும்.

இன்னொன்று, வருகிற பாடு. ஏற்காடு மலைக் கிராமங்களான வெள்ளக்கடையிலும் நாகலூரிலும் இருப்பவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சீட்டு வரிசையில் நின்று, மாலையில் மலையேறினால், அந்தப் பயணமே அவரை ஒரு வாரம் படுக்க வைத்துவிடும். எனவே முதல் பரிசோதனை ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே நடக்கட்டும். மறு ஆலோசனை, வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசும் அரசின் இ-சஞ்சீவனி வழியாக இருக்கட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் ரத்த அழுத்தம் பார்க்கப் போகும் வீட்டில், நிற்க வைத்து ஓர் அளவும், மறுநாள் பற்றிய அந்தக் கேள்வியும் சேரட்டும். கீழே சேலத்தில் இவர்களுக்கு டோக்கனும் நாற்காலியும் கொடுங்கள்.

புதிய கருவி எதுவும் கேட்கவில்லை. ஒரு சுவர், ஒரு கடிகாரம், சரியான அளவுப் பட்டையுள்ள ரத்த அழுத்தக் கருவி, ஓர் ஆக்சிமீட்டர். செவிலியர்களுக்கும் இயன்முறை சிகிச்சையாளர்களுக்கும் அரை நாள் பயிற்சி போதும். நீங்கள் குறிக்கும் நாளில் வந்து, சம்பளம் எதுவும் இன்றி நாங்களே கற்றுத் தருகிறோம். அளவுகளைக் குறிக்கும் தமிழ்ப் படிவத்தையும் கையோடு கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
சேலத்திலும் ஏற்காட்டிலும் இந்நோயாளிகளைக் கவனித்துவரும் மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள்