கமிஷன் மட்டுமே ஊதியமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிலையான சம்பளம் இன்றி, விற்பனைக்கு ஏற்ற கமிஷன் மட்டுமே தரும் வேலைகளுக்கான விளம்பரங்களில் ‘வரம்பற்ற வருமானம்’ என்ற சொற்றொடர் பெரும்பாலும் இடம்பெறுகிறது. மேல்வரம்பு இல்லை என்பது உண்மைதான். கீழ்வரம்பும் இல்லை என்பதை மட்டும் யாரும் அச்சிடுவதில்லை.

இத்தகைய வேலையை ஏற்பதற்கு முன் பார்க்க வேண்டியது கமிஷன் எத்தனை சதவீதம் என்பதை விட, அது எப்போது கைக்கு வரும் என்பதையே. ஆர்டர் கிடைத்தவுடனா, பொருளை ஒப்படைத்த பிறகா, வாடிக்கையாளர் முழுப் பணத்தையும் செலுத்திய பிறகா என்பதைப் பொறுத்து, ஒரே விற்பனைக்கான தொகை சில நாள்களிலோ பல மாதங்கள் கழித்தோ வரக்கூடும். அதுவரை போக்குவரத்து, தொலைபேசிச் செலவுகள் பெரும்பாலும் ஊழியர் தலையில்தான் விழும். காப்பீடு போன்ற துறைகளில், வாடிக்கையாளர் இடையில் விலகினால் கொடுத்த கமிஷனையே திரும்பப் பிடித்துக்கொள்ளும் விதியும் உண்டு. மாதந்தோறும் முன்பணம் தருவதாகச் சொன்னால், அது சம்பளமா, பின்னர் கமிஷனில் கழிக்கப்படும் கடனா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். வேலையை விட்ட பின் முடிவாகும் விற்பனைக்கான பணம் யாருக்கு என்பதும் அப்படியே.

நேர்காணலில், விற்பனையில் முதலிடம் பிடித்தவரின் வருமானத்தைத்தான் காட்டுவார்கள். நடுத்தரமாக விற்பவர் எவ்வளவு பெறுகிறார், கடந்த ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேட்பதே பயன் தரும். ஏற்கெனவே வாடிக்கையாளர் தொடர்புகளும், சில மாதச் செலவுக்குச் சேமிப்பும் உள்ள அனுபவசாலிக்கு இது நல்ல வாய்ப்பாகவே அமையலாம். ஆனால், சேருவதற்கே பயிற்சிக் கட்டணமோ வைப்புத்தொகையோ கேட்கும் இடமாக இருந்தால், இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்கவே தேவையில்லை, விலகிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்