தேங்காய்ப் பூ உறைந்த தண்ணீர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், முளைவிட்ட தேங்காய்க்குள் கிடைக்கும் தேங்காய்ப் பூ பற்றிய கட்டுரையைப் படித்தேன். முற்றிய காயின் தண்ணீர்தான் கெட்டியாகிப் பூவாக மாறுகிறது என்று அதில் இருந்தது. பேராவூரணிப் பக்கம் தென்னங்கன்று நாற்றங்கால் வைத்திருப்பவன் நான். தினமும் நெத்தோடு, அதாவது விதைக்கான முற்றிய தேங்காயோடுதான் பிழைப்பு. தண்ணீர் உறைந்து பூவான காயை இதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

பூ என்பது பெயருக்குத்தான். நிஜமான தென்னம்பூ பாளையில் இருக்கிறது. காய்க்குள் இருக்கும் அந்த வெள்ளைப் பஞ்சு உருண்டை, முளைக்கிற கன்றின் வாய். வயிறு என்றாலும் தப்பில்லை. தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெதுவாக இருக்கும். அதன் பின்னால் சின்னக் குச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் கரு. நெத்தைப் பதித்த பிறகு அதன் ஒரு முனை குருத்தாக வெளியே வரும். மறுமுனை உள்ளேயே உப்பி, தண்ணீரை உறிஞ்சி, சுற்றியுள்ள பருப்பையும் கரைத்துக் குருத்துக்கு அனுப்பும். நான்கைந்து மாதத்தில் உட்குழி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். சாமிக்கு உடைத்த காயில் பூ இருந்தால் வீட்டில் விசேஷம் வரும் என்று என் அம்மா பூரித்துப்போவார். உள்ளே ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது என்ற அளவில் அது சரிதான்.

அப்படியானால் தண்ணீரும் பருப்பும் என்ன? இரண்டும் ஒன்றேதான், கன்றுக்கு மரம் கட்டிக்கொடுத்த சோறு. பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தில் இதற்குக் கருவூண் திசு என்று பெயர். நல்ல சொல், கருவுக்கு ஊண். இளங்காயில் இது வெறும் தண்ணீராக இருக்கும். செல் சுவரே இல்லாத உட்கருக்கள் அதில் மிதக்கும். ஆறு மாதம் வாக்கில் ஓட்டின் உட்புறத்தில் செல்கள் படிந்து வழுக்கை பிடிக்கும், அதுவும் காம்புக்கு எதிர்ப்பக்கம் முதலில். பதினொன்று, பன்னிரண்டு மாதத்தில் அது முற்றிய பருப்பு. தண்ணீரிலிருந்து கெட்டியாவது ஒன்று உண்டென்றால் அது இந்தப் பருப்புதான். கட்டுரையாளர் அதைத் தூக்கிப் பூவின் கணக்கில் எழுதிவிட்டார்.

என் மகள் பரீட்சைக்கு உருப்போடும்போது நானும் கேட்டுக்கொண்ட விஷயம் ஒன்று. மகரந்தம் கொண்டுவருவது இரண்டு ஆண் செல்களை. ஒன்று பூவின் சூலில் உள்ள முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது அதே சூலில் உள்ள துருவ உட்கருக்கள் என்ற இரண்டோடு சேர்ந்து கருவூணாகிறது. ஆக, சோற்றில் தாயின் பங்கு இரண்டு, தகப்பன் பங்கு ஒன்று! இதை 1898-இல் நவாஷின் என்ற ரஷ்யர் லில்லிச் செடியில் (நம் குளத்து அல்லி இல்லை) கண்டுபிடித்தாராம். நாம் வடிக்கிற வெள்ளைச் சோறு, பரோட்டாவின் மைதா எல்லாம் இந்தக் கருவூண்தான். துவரை, உளுந்து வேறு ரகம். காயிலேயே அந்தச் சத்தைக் கரு தன் இரண்டு விதையிலைகளுக்கு மாற்றிக்கொண்டுவிடும். பருப்பு இரண்டாக உடைவது அதனால்தான்.

என் மனைவிக்கு உடன்குடிப் பக்கம். அங்கே நுங்கும் தவுணும் ஒன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நுங்கு பனையின் இளம் கருவூண். முளைத்த கொட்டையைப் பிளந்தால் கிடைக்கிற பஞ்சு, தவுண். நம் தேங்காய்ப் பூவும் தவுணும் ஒரே சாதி.

இதற்கு ஏன் ஒரு கடிதம் என்று நினைக்கலாம். போன ஆடியில் ஒருவர் என்னிடம் நான்கு நெட்டைக் கன்று வாங்கிப்போனார். தொட்டியில் அடங்கவில்லை என்று காயைப் பிய்த்துவிட்டு நட்டிருக்கிறார். “அதான் வேர் விட்டிருச்சே, பழைய தேங்கா எதுக்கு?” என்று என்னிடமே கேட்டார். நான்கில் மூன்று கருகிப்போயின. வேர் விட்டாலும், ஏறக்குறைய ஒரு வருடம் கன்று அந்தக் காயிலிருந்தும் சாப்பிடும். உள்ளே இருப்பது உறைந்த தண்ணீர் என்று படித்தவர் அதைப் பிய்க்கத் தயங்குவாரா?

வண்டியில் பூ விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கன்றாக விலை போகாத காயை அவர்களுக்கு நானும் கொடுக்கிறேன். அதைத் தின்றால் எந்த நோய் தீரும் என்று கட்டுரையில் ஒரு பட்டியல் இருந்ததே, அதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தண்ணீர் உறைகிறது என்ற வரிக்கு மட்டும் அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
தென்னங்கன்று வளர்க்கும் வாசகர்,
பேராவூரணி